எனர்ஜிபிளஸ் – ஓப்பன்ஃபோம்: காற்றமுக்கத் தரவைக் கைமாற்றினால் கணக்கு உதைக்கிறது, எங்கே பிழை?

கல்லடிப்பாலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லடியில் ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு வெப்பக் கணிப்பு போகிறது. 100 அடிக்கு 25 அடி, இரண்டு மாடி, மாடிக்கு நான்கு வகுப்பறை. அந்த 25 அடியில் மேற்குப் பக்கம் 5 அடி விறாந்தை, மிச்சம் 20 அடி அறை. நீளப் பக்கங்கள் கிழக்கே கடலையும் மேற்கே வாவியையும் பார்க்கின்றன. தளத்துக்குத் தளம் 11 அடி. புளொக்கல் சுவர்: மூன்றரை அடி அரைச்சுவர், அதன்மேல் 6 அடிக்கு கிறில், அதன்மேல் ஒன்றரை அடி பீம். கூரை அஸ்பெஸ்டஸ் சீற், வகுப்பறைகளுக்கு சீலிங் இல்லை. மேல்மாடி வடக்கு மூலை அறை மட்டும் கணினி அறை. அதற்கு சீலிங், கண்ணாடி யன்னல், ஏசி எல்லாம் உண்டு.

வெப்பக் கணிப்பு எனர்ஜிபிளஸ் என்ற கட்டட வெப்ப மென்பொருளில், அதனுள் திறப்புகளூடான காற்றோட்டத்தைக் கணிக்கும் வலையமைப்பு மாதிரியான எயார்ஃப்ளோ நெட்வேர்க் இயங்குகிறது. காற்றமுக்கக் குணகத்தை, அதாவது சிபியை (சுவரில் விழும் அமுக்கத்தைக் காற்றின் இயக்க அமுக்கத்தால் வகுத்த எண்), தயார் அட்டவணையில் இருந்து எடுக்காமல் காற்றுப் பாய்ச்சலைக் கணிக்கும் ஓப்பன்ஃபோமில் எடுத்தேன். கட்டடத்தை மூடிய பெட்டியாக வைத்து 16 திசைகளுக்கு சிம்பிள்ஃபோம் (ஓப்பன்ஃபோமின் தீர்ப்பு நிரல்களில் ஒன்று) ஓட்டம். நுழைவில் 10 மீற்றர் உயரத்தில் 3 மீ/செக், நிலத்தின் கரடுமுரடு நீளம் (நிலம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.5 மீற்றர். சுவரில் வந்த அமுக்கத்தை ½ × 1.2 × 9, அதாவது 5.4 ஆல் வகுத்து சிபி ஆக்கி எனர்ஜிபிளஸுக்குக் கொடுத்தேன். வெளிமுனை (திறப்புக்கு வெளியே காற்றமுக்கம் எடுக்கப்படும் புள்ளி) உயரங்கள் கீழ்மாடிக்கு 2.0 மீற்றர், மேல்மாடிக்கு 5.3 மீற்றர். நிலவகை "சபர்ப்ஸ்", அதாவது புறநகர்.

சரிபார்க்க, வானிலைக் கோப்பில் 90 பாகையில் இருந்து 3 மீ/செக் வீசும் ஒரு மணித்தியாலத்தை எடுத்து ஒப்பிட்டேன். கிழக்குச் சுவரில் ஓப்பன்ஃபோம் கீழ்மாடிக்கு 2.25, மேல்மாடிக்கு 2.79 சொல்கிறது. எனர்ஜிபிளஸின் முனைக் காற்றமுக்கம் 0.55, 1.05 பாஸ்கல். ஒரே காற்று, ஒரே சுவர், ஆனால் கீழே நாலில் ஒன்று, மேலே மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். வெளியே 30 பாகை.

இன்னும் இரண்டு கேள்வி. இரண்டு மென்பொருளையும் எஃப்எம்யூ (மென்பொருள்கள் ஓடும்போதே தரவைப் பரிமாற உதவும் பொதி) வழியாக ஒவ்வொரு நேரப்படியிலும் பேச விடுவது நல்லதா? வெப்பநிலைகளை எந்தத் திசையில் கொடுத்து எதைத் திருப்பி வாங்குவது?

---

ஒலுவில்_வெளிச்சவீடு பதில்:

தம்பி, எண்களை முழுசாகத் தந்தபடியால் பிழையைத் தேட வேண்டிய தேவையே இல்லை, அவை தாமே சொல்கின்றன. மூன்று விசயம் ஒன்றோடொன்று பெருகி நிற்கிறது. அதில் இரண்டு பிழை. மூன்றாவது பிழை அல்ல, ஒப்பிட்ட முறை.

முதலாவது அடர்த்தி. சிம்பிள்ஃபோம் அமுக்காப் பாய்ச்சலுக்கானது. அது எழுதும் அமுக்கம் பாஸ்கலில் இல்லை, அடர்த்தியால் வகுத்த அமுக்கம். கோப்பின் தலைப்பில் அலகு வரிசை [0 2 -2 0 0 0 0] என்று இருக்கும், அதாவது ச.மீ/ச.செக். நீங்கள் அதை மறுபடி 1.2 ஆல் வகுத்துவிட்டீர்கள். வகுக்க வேண்டியது ½ × 9 = 4.5 ஆல் மட்டும். அப்போது சிபி கீழே 0.50, மேலே 0.62. உங்கள் கையில் இருப்பது 0.417, 0.517. பொயன்ற்சிம்பிள்ஃபோம் போல அடர்த்தியோடு தீர்ப்பதற்கு மாறும்போது அமுக்கம் நேரே பாஸ்கலில் வரும், அங்கே ½ × அடர்த்தி × 9 தான் சரி. ஒரே எழுத்துநிரலை இரண்டுக்கும் பாவித்தால் இந்த இடத்தில் கட்டாயம் சறுக்கும்.

இரண்டாவது ஒப்பீட்டு உயரம். நீங்கள் சிபியை 10 மீற்றர் காற்றால் வகுத்து எடுத்தீர்கள். எனர்ஜிபிளஸ் அதைப் பெருக்குவது வெளிமுனையின் உயரத்தில் வீசும் காற்றால். 2 மீற்றரில் காற்று குறைவு, வர்க்கம் எடுக்கும்போது இன்னும் குறைவு. ஆகவே கொடுக்கும் முன்னரே மாற்ற வேண்டும். சபர்ப்ஸ் நிலவகைக்கு அடுக்கு 0.22. 2 மீற்றருக்கு (2/10) இன் 0.22 அடுக்கு = 0.702, வர்க்கம் 0.493. 5.3 மீற்றருக்கு 0.870, வர்க்கம் 0.756. எனவே கொடுக்க வேண்டிய சிபி கீழே 0.50/0.493 = 1.01, மேலே 0.62/0.756 = 0.82.

1 ஐத் தாண்டிய சிபியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒப்பீட்டுக் காற்று பலவீனமான உயரத்தில் எடுக்கப்பட்டால் எண் பெருக்கும், அவ்வளவுதான். இங்கே வேறொரு பொறியும் இருக்கிறது. ஓப்பன்ஃபோமில் நீங்கள் கொடுத்த மடக்கை முகப்பில் (உயரத்தோடு காற்று வேகம் கூடும் வளைவு) 2 மீற்றர் வேகத்தை வாசித்து அதனால் வகுக்கத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. எனர்ஜிபிளஸ் எந்த எண்ணால் பெருக்கப் போகிறதோ அதே எண்ணால்தான் வகுக்க வேண்டும், அது அதன் அடுக்கு முகப்பு.

மூன்றாவது, வானிலைக் கோப்புக் காற்றும் வளவுக் காற்றும் ஒன்றல்ல. கோப்பில் உள்ள 3 மீ/செக் திறந்த வெளியில் 10 மீற்றரில் அளந்ததாக எனர்ஜிபிளஸ் எடுத்துக்கொள்கிறது (அடுக்கு 0.14, எல்லைப்படை 270 மீற்றர்). அதைச் சபர்ப்ஸுக்கு (0.22, 370 மீற்றர்) மாற்றுகிறது: (270/10) இன் 0.14 அடுக்கு = 1.586, (10/370) இன் 0.22 அடுக்கு = 0.452, பெருக்கினால் 0.717. ஆகவே வளவில் 10 மீற்றரில் வீசுவது 2.15 மீ/செக். நீங்கள் ஓப்பன்ஃபோமில் 3 மீ/செக் வீச விட்டு, எனர்ஜிபிளஸில் 2.15 வீசிய மணித்தியாலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

சரியான ஒப்பீடு இப்படி. ஓப்பன்ஃபோம் 2.25 ஐ 30 பாகைக் காற்றின் அடர்த்தி 1.16 ஆல் பெருக்கினால் 2.61 பாஸ்கல். அதை 0.717 இன் வர்க்கமான 0.514 ஆல் பெருக்கினால் 1.34. மேல்மாடிக்கு 2.79 → 3.24 → 1.66. திருத்திய சிபியைப் போட்டு அதே மணித்தியாலத்தை ஓட்டுங்கள், எனர்ஜிபிளஸும் 1.34, 1.66 ஐச் சுற்றித்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திசையைப் பாருங்கள்.

திசையில் பிழை வரும் இடம்: வானிலைக் கோப்பில் 90 என்றால் கிழக்கில் இருந்து வரும் காற்று. கிழக்கை எக்ஸ் அச்சாகவும் வடக்கை வை அச்சாகவும் வைத்தால் ஓப்பன்ஃபோம் வேகக் காவி (−வே × சைன் கோணம், −வே × கோசைன் கோணம்). 90 பாகைக்கு (−3, 0, 0). இந்தக் கழித்தல் குறி விடுபட்டால் மேற்கிலிருந்து வீசும் கச்சானும் கடற்காற்றும் இடம் மாறிவிடும். அமுக்கம் நம்பக்கூடிய அளவில் வருவதால் யாருடைய கண்ணிலும் படாது. வெளிமுனையின் கோண வகை "அப்சலூட்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். "ரிலேட்டிவ்" என்றால் சுவரின் முகத்திலிருந்து கோணம் எண்ணப்படும், 16 திசை அட்டவணை முழுவதும் சுழன்றுவிடும். வெளிமுனை உயரத்தை வெறுமையாக விடுவோருக்கும் ஒரு சொல்: இயல்பு மதிப்பு 0 மீற்றர், அந்த உயரத்தில் அடுக்கு முகப்பு தரும் காற்றும் பூச்சியம்.

கல்லடி என்பதால் இன்னொன்று. எனர்ஜிபிளஸுக்கு எல்லாத் திசைக்கும் ஒரே நிலவகைதான். உங்கள் வளவுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி, வடக்கும் தெற்கும் வீடுகளும் தென்னையும். கடலை நேரே பார்த்துக் கரையிலேயே நிற்கும் கட்டடத்துக்கு "ஓஷன்" நிலவகையில் 10 மீற்றர்க் காற்று கோப்புக் காற்றின் 1.17 மடங்கு, சபர்ப்ஸில் 0.717 மடங்கு. விகிதம் 1.63, அமுக்கத்தில் 2.66 மடங்கு. இந்த வேறுபாட்டைத் திசைவாரியாகச் சிபிக்குள்ளேயே ஏற்றிவிடலாம்: கிழக்குத் திசைகளின் சிபியை அந்த வர்க்க விகிதத்தால் பெருக்குவது. ஆனால் கரைக்கும் கட்டடத்துக்கும் இடையில் நாலைந்து வரிசை வீடு இருந்தால் முழு 2.66 ஐயும் போடாதீர்கள். அந்த வீடுகளைப் பெட்டிகளாக ஓப்பன்ஃபோமுக்குள் வைத்து, நுழைவில் கடலின் கரடுமுரடு நீளமான 0.0002 மீற்றரைக் கொடுத்து எடுப்பதே நேர்மையான வழி.

கணிப்பு வெளியின் அளவையும் பாருங்கள். கூரை முகடு சுமார் 8.5 மீற்றர் என்று எடுத்தால், முன்னே 5 மடங்கு, பின்னே 15 மடங்கு, பக்கங்களிலும் மேலேயும் 5 மடங்கு என்பது வழக்கம். ஆனால் உங்கள் கட்டடம் நீளம். கிழக்குக் காற்றுக்கு முகம் 30.5 × 8.5 = 259 ச.மீ. வெளியின் குறுக்குவெட்டு 115.5 × 51 = 5,890 ச.மீ. அடைப்பு 4.4 வீதம். 3 வீதத்துக்குள் நிற்க வேண்டும். பக்கங்களை 70 மீற்றருக்குத் தள்ளினால் 2.98 வீதம் வரும். இதை விட்டால் காற்று பக்கங்களில் நெரிபட்டு, பின்சுவரின் உறிஞ்சல் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

---

அக்கரை_கச்சான் பதில்:

மேலே எழுதியவர் கணக்கைச் சரியாகக் கட்டிவிட்டார், அதில் கை வைக்க ஒன்றுமில்லை. என் மறுப்பு அடிப்படையில். அரைச்சுவர் வகுப்பறைக்கு மூடிய பெட்டியின் சிபி பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு வகுப்பறையின் வெளிச்சுவர் 25 × 11 = 275 சதுர அடி. தூண்களைக் கழித்தால் திறப்பு சுமார் 23 × 6 = 138 சதுர அடி. சரிபாதி திறப்பு. மூடிய சுவரில் எடுத்த அமுக்கம் சிறு யன்னலுக்கு, இடுக்குக்குப் பொருந்தும். திறப்பு 20 வீதத்தைத் தாண்டும்போதே ஐயப்பட வேண்டும். பாதிச் சுவர் திறந்திருந்தால் காற்று சுவரில் மோதி நிற்பதில்லை, ஊடறுத்துப் போகிறது. சுவரில் கூட வேண்டிய அமுக்கமே கூடாது. மற்றப் பக்கம், வலையமைப்பு மாதிரி ஒவ்வொரு திறப்பிலும் காற்றின் இயக்கசக்தி முழுவதும் அறைக்குள் அழிந்துபோவதாக எடுத்துக்கொள்கிறது. நேருக்கு நேர் இரண்டு கிறில் இருக்கும் அறையில் ஓட்டம் அப்படியே மறுபக்கத்தால் வெளியேறும். ஒரு பிழை பாய்ச்சலைக் கூட்டும், மற்றது குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

இந்த அறைகளுக்கு நான் சொல்வது: ஓப்பன்ஃபோமில் கட்டடத்தைத் திறந்தே வையுங்கள். கிறில் கம்பிகளைக் கண்ணறைகளாக (கணிப்பு வலையின் சிறு பெட்டிகள்) வெட்டப் போகாதீர்கள், நுண்துளைப் படலமாகக் கொடுங்கள். 16 திசைக்கும் ஒவ்வொரு அறைக்கும் உட்புகும் கனவளவுப் பாய்ச்சலை 10 மீற்றர் வளவுக் காற்று வேகத்தால் வகுத்து ஓர் அட்டவணை. பிறகு வானிலைக் கோப்பின் 8,760 மணித்தியாலத்துக்கும், அந்த 0.717 ஐப் பெருக்க மறக்காமல், பாய்ச்சலைக் கணித்து ஒரு நிரல் கோப்பாக எழுதி, எனர்ஜிபிளஸின் சோன் வென்ரிலேஷன் டிசைன் ஃப்ளோ ரேட் என்ற காற்றோட்ட உள்ளீட்டுக்கு அட்டவணையாகக் கொடுங்கள். குணகங்கள் ஏ = 1, பி = சி = டி = 0 என்று விட வேண்டும். காற்று வேகம் ஏற்கெனவே நிரலுக்குள் இருக்கிறது. காற்று வேகத்தைப் பெருக்கும் சி ஐயும் போட்டால் இரண்டு தடவை பெருகும்.

கவனம்: எயார்ஃப்ளோ நெட்வேர்க் "மல்டிசோன் வித்தவுட் டிஸ்ட்ரிபியூஷன்" என்று இயங்கும்போது சோன் வென்ரிலேஷன், இன்ஃபில்ட்ரேஷன், மிக்சிங் மூன்றையும் எனர்ஜிபிளஸ் புறக்கணிக்கும். பிழைக்கோப்பில் ஓர் எச்சரிக்கை வரி விழும், ஓட்டம் நிற்காது. முடிவைப் பார்ப்பவர் தன் 8,760 வரியும் வேலை செய்கிறது என்றே நினைத்திருப்பார். ஆகவே வலையமைப்பை முழுவதும் நிறுத்த வேண்டும். கணினி அறையின் கசிவை ஒரு சாதாரண இன்ஃபில்ட்ரேஷனாகக் கொடுத்தால் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று. இந்த அறைகளில் காற்றின் வெப்பநிலைக்காக இவ்வளவு மினக்கெட வேண்டியதே இல்லை. 138 சதுர அடி என்பது 12.8 ச.மீ. அதனூடாக அரை மீ/செக் மட்டும் போனாலும் 6.4 க.மீ/செக். அறையின் கனவளவு 5,500 கன அடி, அதாவது 156 க.மீ. மணிக்கு 148 தடவை காற்று மாறுகிறது. 35 பிள்ளைகள், ஆளுக்கு 60 வாற் உணர்வெப்பம் என்று வைத்தால் 2,100 வாற். 1.16 × 1,005 × 6.4 ஆல் வகுத்தால் 0.28 பாகை. அறைக் காற்று வெளிக் காற்றைவிட அவ்வளவுதான் சூடு. அந்த 0.28 ஐ 0.31 ஆகத் திருத்த இரண்டு மென்பொருளைப் பேச விடுவதில் ஒரு பயனும் இல்லை.

பிள்ளைகளை வாட்டுவது மேல்மாடிச் சீற்றின் கதிர்வீச்சு. சூரியன் நமக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் முற்பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். கூரைக்கு அந்த நாட்களின் மத்தியானம்தான் பாரம். எனவே கைமாற்ற வேண்டியவை இரண்டே: எனர்ஜிபிளஸில் இருந்து சீற்றின் உட்புற வெப்பநிலையும் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலையும். ஓப்பன்ஃபோமில் இருந்து, இருக்கும் பிள்ளையின் உயரங்களான 0.1, 0.6, 1.1 மீற்றரில் காற்று வேகம். மூன்றரை அடி அரைச்சுவர் 1.07 மீற்றர். கீழ் இரண்டு உயரமும் சுவரின் நிழலில் கிடக்கின்றன. தலைக்கு மேலால் காற்று நன்றாகப் போகும், கதிரையில் இருக்கும் பிள்ளையின் முதுகில் வேர்வை காயாது. இதை எந்த வலையமைப்பு மாதிரியும் காட்டாது, ஓப்பன்ஃபோம் காட்டும். அரைச்சுவரில் இரண்டு வரிசைப் புளொக்கைத் துளைக்கல்லாக மாற்றிப் பார்க்கும் ஓட்டம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். அந்த முடிவு கட்டடத்தில் உண்மையாகவே எதையாவது மாற்றும்.

மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் வாவிப் பக்கத்தால் காய்ந்து அடிக்கும். அந்த மாதங்களில் பின்னேரம் கடற்காற்று எதிர்த்து வரும். ஒரு மணித்தியாலச் சராசரியில் இந்தத் திசை மாற்றம் மங்கிவிடும். ஆகவே 270 ஐயும் 90 ஐயும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுத் திசை ஒன்றை எடுத்து இரண்டையும் பார்த்ததாக எண்ண வேண்டாம். விறாந்தை மேற்கில் என்பதால் 270 க்குக் கிடைக்கும் பாய்ச்சல் 90 க்கு வருவதைப் போல இராது.

---

கல்லடிப்பாலம் பதில்:

அண்ணா, நானா, இருவருக்கும் நன்றி. சிபியைத் திருத்தி ஓட்டினேன்: 1.34, 1.66. திசைக் குறியும் சரியாகவே இருக்கிறது. பக்கங்களை 70 மீற்றருக்குத் தள்ளியதில் மேற்குச் சுவரின் உறிஞ்சல் குறைந்தது.

வகுப்பறைகளுக்குத் திறந்த கட்டட ஓட்டத்தைத் தொடங்குகிறேன். எயார்ஃப்ளோ நெட்வேர்க்குக்குப் பதிலாக கொன்ராம் என்ற மற்றக் காற்றோட்ட வலையமைப்பு மென்பொருளை இணைத்தால் இந்தப் பிரச்சினை குறையுமா? மற்றது, மூடிய கணினி அறைக்கு வெப்பக் கைமாற்றம் தேவைதானே? 20 கணினி, 20 பிள்ளை, ஒரு ஸ்பிளிற் ஏசி.

---

களுதாவளை_வரைவு பதில்:

கொன்ராமால் இந்தச் சிக்கல் தீராது. எனர்ஜிபிளஸின் எயார்ஃப்ளோ நெட்வேர்க்கும் கொன்ராமும் எயார்நெட் என்ற ஒரே வேரில் முளைத்தவை. திறப்புச் சமன்பாட்டின் குறை இரண்டிலும் ஒன்றே. தூசு, புகை, அறைக்கு அறை பரவும் மாசு என்று கணிக்க வேண்டி வந்தால் மட்டும் அதை எஃப்எம்யூவாக இணைப்பதில் பொருள் உண்டு.

எஃப்எம்யூ பற்றி: எனர்ஜிபிளஸ் இறக்குவது எஃப்எம்ஐ (அந்தப் பொதிகளுக்கான பொதுத் தரம்) 1.0 வகை. 2.0, 3.0 இல் கட்டிய பொதி ஏறாது. அது ஒருபுறம் இருக்க, நேரப்படிக்கு ஒரு தடவை என்பதன் விலையைப் பாருங்கள். 10 நிமிடப் படி என்றால் ஆண்டுக்கு 52,560 படி. ஒரு பாய்ச்சல் தீர்வு 20 நிமிடம் என்றால் 730 நாள். கணினி அறைக்கும் இது வேண்டாம். ஐந்தாறு மணித்தியாலங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு தடவை அங்கும் இங்கும் கொடுத்து வாங்கினால் போதும்.

கொடுக்கும் திசை: எனர்ஜிபிளஸ் மேற்பரப்பின் உட்புற வெப்பநிலைகளையும், ஏசியின் வழங்கு காற்றின் திணிவுப் பாய்ச்சலையும் வெப்பநிலையையும் கொடுக்கட்டும். ஓப்பன்ஃபோம் மேற்காவுகைக் குணகத்தை, அதாவது வெப்பப் பாயத்தை (மேற்பரப்பின் ஒரு ச.மீ. இல் காற்றுக்கு மாறும் வெப்பம்) வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்த எண்ணை, திருப்பித் தரட்டும். தலைகீழாக, வெப்பப் பாயத்தைக் கொடுத்து வெப்பநிலையை வாங்கப் போனால் தீர்வு ஊசலாடும், சிலவேளை ஒருங்கவே ஒருங்காது.

பலருக்குப் பிழைக்கும் இடத்தைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். சீலிங்கின் உட்புறம் 36 பாகை, அறையின் சராசரிக் காற்று 26 பாகை. ஓப்பன்ஃபோமின் சுவர் வெப்பப் பாயம் 28 வாற்/ச.மீ. குணகம் 28/10 = 2.8. ஏசியின் காற்று சீலிங்கைத் தடவிப் போவதால் எனர்ஜிபிளஸின் இயல்பு வழி சொல்லும் 1.64 ஐவிட இது கூட, அது நியாயமே. இப்போது ஒருவர் அறைச் சராசரியை விட்டுச் சுவருக்கு அடுத்த கண்ணறையின் 31 பாகையை எடுத்தால் 28/5 = 5.6. அந்த எண்ணை வாங்கிய எனர்ஜிபிளஸ் அதைத் தன்னுடைய 10 பாகை வேறுபாட்டால் பெருக்கும்: 56 வாற்/ச.மீ. சரியாக இரு மடங்கு. சீலிங் 46.5 ச.மீ. ஆகவே மேலதிகமாக 1,300 வாற், அதாவது 4,400 பிரியூ சொச்சம். 12,000 பிரியூ ஏசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இல்லாத வெப்பத்துக்காக வாங்கப்படும். எந்த வெப்பநிலையால் பெருக்கப் போகிறார்களோ அதே வெப்பநிலையால் வகுப்பது. சிபிக்கு உயரம் எப்படியோ, இதற்கு அறைச் சராசரி அப்படி.

கதிர்வீச்சை ஓப்பன்ஃபோமில் போடாதீர்கள். மேற்பரப்பு வெப்பநிலைக்குள் எனர்ஜிபிளஸ் அதைக் கணக்கெடுத்துவிட்டது. அதே காரணத்தால் ஆட்களின், கணினிகளின், விளக்குகளின் வெப்பத்தில் மேற்காவுகைப் பங்கை மட்டும் ஓப்பன்ஃபோமுக்குக் கொடுங்கள். ஆட்களுக்குக் கதிர்வீச்சுப் பங்கு இயல்பாக 0.3. ஆகவே 20 × 60 = 1,200 வாற்றில் 840 மட்டும் காற்றுக்கு.

சுவரருகே கண்ணறை அளவு: இந்த அறையில் காற்று மெதுவாகத் தவழும். வை-பிளஸை (சுவரை ஒட்டிய கண்ணறை சுவருக்கு எவ்வளவு கிட்ட என்பதன் அலகில்லா அளவு) 30 க்கு மேல் வைத்துச் சுவர்ச் சார்பை (சுவரருகு ஓட்டத்துக்கான தயார்ச் சூத்திரம்) நம்பினால் வெப்பப் பாயம் நம்ப முடியாது. கே-ஒமேகா எஸ்எஸ்ரி என்ற கொந்தளிப்பு மாதிரி, வை-பிளஸ் 1 அளவில். கண்ணறைகள் பெருகும், ஆனால் ஓர் அறைதானே.

நிறைவு சோதனை ஒன்று. ஓப்பன்ஃபோமில் எல்லா மேற்பரப்புகளின் வெப்பப் பாயத்தையும் கூட்டி, எனர்ஜிபிளஸ் வெளியீட்டில் "சோன் எயார் ஹீட் பலன்ஸ் சர்ஃபேஸ் கன்வெக்ஷன் ரேட்" என்ற வரியோடு ஒப்பிடுங்கள். 5 வீதத்துக்குள் வந்து, மேற்பரப்பு வெப்பநிலைகள் முன் சுற்றிலிருந்து 0.2 பாகைக்கு மேல் அசையாவிட்டால் நிறுத்தலாம். வெப்பப் பாயத்தின் குறி உங்கள் பதிப்பில் எந்தப் பக்கம் நேர் என்பதை, சூடான ஒரு சுவர் மட்டும் உள்ள சிறு பெட்டியில் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள்.

---

கல்லடிப்பாலம் பதில்:

கடைசியாக ஒன்று. வெப்பநிலைகளை எழுத்துநிரலால் எல்லைக் கோப்புக்கு மாற்றும்போது சில மேற்பரப்புகள் விடுபடுகின்றன. டிசம்பர் 31 இன் கடைசி வரியும் வாசிக்கப்படவில்லை.

---

களுதாவளை_வரைவு பதில்:

முதலாவதுக்குக் காரணம் எழுத்து வடிவம். எனர்ஜிபிளஸ் வெளியீட்டில் மேற்பரப்புப் பெயர்களை எல்லாம் பெரிய எழுத்தாக்கி எழுதும். ஓப்பன்ஃபோமுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. எஸ்ரிஎல் கோப்பை (கட்டட வடிவத்தை ஓப்பன்ஃபோமுக்குக் கொண்டுபோகும் கோப்பு) ஏற்றுமதி செய்யும்போதே பெயர்களைப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், கீழ்க்கோடு போட்டு வையுங்கள். அங்கேயே அலகையும் பாருங்கள். வரைபட மென்பொருள் மில்லிமீற்றரில் ஏற்றினால் கட்டடம் 30 கிலோமீற்றர் நீளத்தில் நிற்கும். எனர்ஜிபிளஸில் சுவருக்குத் தடிப்பில்லை, ஆகவே நடுக்கோட்டில் வரைந்த அறை ஓப்பன்ஃபோமில் சுவர்த் தடிப்பின் பாதி அளவு ஒவ்வொரு பக்கமும் பெருத்துவிடும். கணினி அறையை உள்ளளவுக்குச் சுருக்கிக் கொடுங்கள்.

இரண்டாவது டிசம்பர் 31 மட்டும் இல்லை, ஒவ்வொரு நாளின் கடைசி வரியும்தான். எனர்ஜிபிளஸ் நேரத்தை இடைவெளியின் முடிவில் எழுதும், நள்ளிரவை 24:00:00 என்று எழுதும். எழுத்துநிரல் பைதன் மொழியில் என்றால், அதன் திகதி வாசிப்பு அந்த வடிவத்தை ஏற்காது. 24:00 ஐ அடுத்த நாள் 00:00 ஆக மாற்றிவிட்டு வாசியுங்கள். மாற்றாமல் பிழை வரிகளைத் தவிர்க்கச் சொல்லி விட்டிருந்தால் 365 வரி குறைந்து, அதற்குப் பிறகு வரிசை எண்ணால் எடுத்த மணித்தியாலங்கள் ஒவ்வொன்றும் தள்ளிப் போயிருக்கும். ஏப்ரல் மத்தியானம் என்று எடுத்த கூரை வெப்பநிலை வேறொரு நாளின் வேறொரு நேரத்துடையதாக இருக்கலாம். எடுத்து வைத்த ஐந்தாறு மணித்தியாலங்களையும் சூரியக் கதிர் நிரலோடு திரும்ப ஒப்பிட்டுவிட்டு, 273.15 ஐக் கூட்டி ஏற்றுங்கள்.